வாசகர் கேள்வி – பதில்: மேடையிலிருந்து வந்த நடிகர் திலகம்

ஒக்டோபர் முதலாம் திகதி சிவாஜி கணேசனின் பிறந்த நாள். அதையொட்டிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டபடியால், இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவரைப் பற்றியவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு திருத்தம். ‘கர்ணன்’ வெளிவந்த ஆண்டு 1966 என்று அக்குறிப்பில் அச்சாகிவிட்டது. 1964 என்பதே சரி. பிழை என்னுடையது, அச்சகத்தாருடையதன்று. அதைச் சுட்டிக்காட்டியவர்களில் பெரும்பாலானோர் அந்தப் படத்தை எந்தத் தியேட்டரில், கலரியிலா பல்கனியிலா, யாரோடு போய்ப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். திருத்தத்துக்கு நன்றி, அந்தக் கதைகளுக்கு இன்னும் கூடுதலான நன்றி.

கேள்வி: சிவாஜி என்பது அவருடைய சொந்தப் பெயரா? நாடகத்துக்கு எப்படி வந்தார்? (மாணவர் ஒருவர், கரவெட்டி)

பதில்: பெற்றோர் வைத்த பெயர் கணேசன். 1928ஆம் ஆண்டு விழுப்புரத்தில் சின்னையா மன்றாயருக்கும் ராஜாமணி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர். வெள்ளையருக்கு எதிரான போராட்டத்தில் இறங்கிச் சிறைக்கும் போனவர். குடும்பம் பின்னர் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனாக இருந்தபோது பார்த்த கட்டபொம்மன் கூத்துத்தான் தன்னை நடிப்பின் பக்கம் இழுத்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். படிப்பை விட்டு, வீட்டுக்கும் சொல்லாமல், தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று பொய் சொல்லி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை நடத்திய பாலகான சபாவில் சேர்ந்துகொண்டார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேடம் சீதை.

இந்தப் பாலர் நாடக சபைகளைப் பற்றி உங்கள் வயதில் உள்ளவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் வேரூன்றிய ஏற்பாடு அது. சிறுவர்களைச் சேர்த்து, சோறும் உடுப்பும் இருக்க இடமும் கொடுத்து, பாட்டு, வசனம், ஆட்டம், சண்டை எல்லாவற்றையும் வாத்தியார்மார் அடித்தும் அணைத்தும் சொல்லிக்கொடுப்பார்கள். குரல் உடையும் வரை பையன்களே பெண் வேடமும் கட்டுவார்கள். அதற்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். குரல் உடைந்து தேறிய பின்னர், தோற்றமும் பொருந்தினால், ராஜபார்ட். ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவன் அன்றிரவே அந்த வேடத்தைப் போட்டாக வேண்டும் என்பதால், திறமையுள்ள பையனுக்கு நாடகத்தின் எல்லாப் பாத்திரங்களும் பாடமாகிவிடும். பின்னாளில் ஒரு தடவை வாசிக்கக் கேட்டே பக்கம் பக்கமான வசனத்தைக் கணேசன் மனத்தில் இருத்திக்கொண்டார் என்று திரையுலகில் வியந்து பேசுவார்களே, அந்தப் பயிற்சி அங்கே பெற்றது. பெண் நடையையும் பெண் பார்வையையும் சிறுவயதிலேயே உடம்பில் ஏற்றிக்கொண்டவர் என்பதும் கவனிக்க வேண்டியது. பிற்காலத்தில் அவரது விரல் நுனியிலும் கண் கடையிலும் வந்த நளினத்தின் ஊற்று எது என்று கேட்டால், நான் சீதை வேடத்தைத்தான் சொல்வேன்.

இனிப் பெயர். 1940களின் நடுப்பகுதியில் அண்ணாதுரை ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ என்ற நாடகத்தை எழுதினார். மராட்டிய மன்னர் வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். அவர் விலகிக்கொள்ள, வேடம் கணேசனிடம் வந்தது. காகப்பட்டராக அண்ணாதுரையே நடித்தார். நாடகத்தைப் பார்த்த பெரியார், இனி இவர் சிவாஜி கணேசன் என்றார். பட்டப் பெயர் வைப்பதில் நம்மவர்களும் சளைத்தவர்களல்லர். ஆனால் ஒருவர் போட்ட வேடமே அவருக்கு முதற்பெயராகி, சொந்தப் பெயரைப் பின்னுக்குத் தள்ளியது அபூர்வம்.

கேள்வி: ‘பராசக்தி’க்கு முதலில் வேறொரு நடிகரைத்தான் போட விரும்பினார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். அது உண்மையா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: தகப்பனார் சொன்னது சரி. பாவலர் பாலசுந்தரம் எழுதிய மேடை நாடகம் அது. அதைப் படமாக்க முன்வந்தவர் வேலூரைச் சேர்ந்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார். கூட்டுச் சேர்ந்தவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். அந்நாளில் பெயர் பெற்றிருந்த கே.ஆர். ராமசாமியைப் போடலாம் என்பது செட்டியாரின் எண்ணம். கன்னம் ஒட்டிய, எலும்பு தெரிந்த மேடைப் பையன் ஒருவனை நம்பி முதல் போட அவர் தயங்கியதில் பெரிய குற்றம் இல்லை. படப்பிடிப்புத் தொடங்கிய பின்னரும் ஆளை மாற்றும் பேச்சு நடந்தது. பெருமாள் முதலியார் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் பையனின் உடம்பைத் தேற்றி, முதலில் எடுத்த காட்சிகளில் சிலவற்றை மறுபடி எடுத்தார்கள். கிருஷ்ணன் – பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதிய அந்தப் படம் 1952 ஒக்டோபர் 17, தீபாவளியன்று வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதம் முதலாம் திகதிதான் சுவாமிமலையில் கமலா அம்மையாரைக் கைப்பிடித்திருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூருக்குப் போய்ப் பெருமாள் முதலியாருக்குச் சீர் வைத்து வணங்கி வருவதை அவர் கடைசிவரை ஒரு கடமையாகவே வைத்திருந்தார்.

நம்மூருக்கு அந்தப் படம் நெருக்கமாக இருந்ததற்கு வசனம் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். ரங்கூனில் அண்ணன்மார், மதுரையில் தங்கை, நடுவே கப்பல் போக்குவரத்தை அறுத்துவிட்ட யுத்தம். வீட்டுக்கு ஒருவர் மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தில், ஜப்பான்காரன் காலத்தில் வருடக்கணக்காகக் கடிதமில்லாமல் காத்திருந்த தாய்மாரும் தங்கைமாரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களுக்கு அது கதையாகத் தெரிந்திராது.

கேள்வி: என் பேரன் சிவாஜியின் நடிப்பை ‘ஓவர் அக்டிங்’ என்கிறான். ஆசிரியராக முப்பது வருடம் பேசிய எனக்கு அவனுக்கு விடை சொல்ல வார்த்தை வரவில்லை. தாங்கள் என்ன சொல்வீர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை)

பதில்: ஐயா, பேரன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எழுபதுகளில் வந்த சில படங்களில், ஒரு துளிக் கண்ணீர் போதுமான இடத்தில் கன்னமும் கழுத்தும் கையும் சேர்ந்து நடுங்குவதைப் பார்த்து, அவருடைய பரம விசிறியாகிய நானே கதிரையில் நெளிந்திருக்கிறேன். இருமலும் இரத்தமும் நெஞ்சைப் பிடித்தலும் இல்லாமல் கலரி எழுந்து கைதட்டாது என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ‘போதும், குறையுங்கள்’ என்று சொல்லும் துணிவுள்ள இயக்குநர் அவருக்கு எல்லாப் படங்களிலும் வாய்க்கவில்லை.

ஆனால் பேரன் எந்தப் படத்தை வைத்து அப்படிச் சொல்கிறான் என்பதையும் கேட்டுப் பாருங்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ என்றால் அவனோடு நான் வாதாடத் தயார். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய அந்த நாடகத்தை 1957இல் சேலத்தில் முதன்முதலாக மேடையேற்றியது சிவாஜியின் சொந்தக் குழுவான சிவாஜி நாடக மன்றம். ஊர் ஊராக நடித்துப் பழுத்த பின்னரே 1959இல் பந்துலு அதைப் படமாக்கினார். ஆகவே அந்தப் படத்தில் நாம் பார்ப்பது, கடைசி வரிசையில் பாய் விரித்து இருப்பவனுக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும் என்று அளவெடுத்த நடிப்பு. கோயில் வெளிவீதியில், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அளவு எதற்கென்று தெரியும். கூத்தைப் பழக்கி ஆடும் அண்ணாவியாரின் புருவம் ஏன் அவ்வளவு உயர்கிறது என்று நாம் யாரும் கேட்டதில்லை. உயராவிட்டால் வேலிக்கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. சிறுவனாகக் கூத்தில் கண்ட கட்டபொம்மனை அவர் அந்தக் கூத்தின் உயரத்திலேயே திரைக்குக் கொண்டுவந்தார். ஜாக்சன் துரையின் எதிரில் கட்டபொம்மன் அடக்கமாகப் பேசினால் கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

அதே மனிதர் ‘அந்த நாள்’ படத்தில் எப்படி நடித்தார் என்பதைப் பேரனுக்குக் காட்டுங்கள். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கியது, ஒரு பாட்டுக்கூட இல்லாத படம். நாட்டை ஜப்பானியருக்குக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பொறியியலாளராக, ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடத்தில், புகழ் உச்சியில் நின்றபடி, வெறுக்கத்தக்க ஒரு பாத்திரத்தை அவர் ஏற்றுக்கொண்டார். அதில் கத்தல் இல்லை. கெட்டிக்காரனின் மெல்லிய எரிச்சல் மட்டும் முகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். முப்பது வருடத்துக்குப் பிறகு, 1985இல், பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’யில் விக் இல்லாத தலையோடும் தளர்ந்த நடையோடும் வந்த ஊர்ப்பெரியவரையும் காட்டுங்கள். குறைத்து நடிக்கத் தெரியாதவர் என்ற குற்றச்சாட்டு அந்த இரண்டு படங்களின் முன் நிற்காது. பாத்திரத்தின் அளவு எது, நடிகரின் அளவு எது என்று பிரித்துப் பார்க்காமல் மிகை என்ற சொல்லை எடுத்து வீசுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் ஆசிரியர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் கலியாண வீடுகளில் பாட்டுத்தட்டோடு வசனத்தட்டும் போடுவார்கள். எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒரு கலியாணத்துக்கு வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனம் போய்க்கொண்டிருந்தது. பந்தல் காலடியில், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் வெற்றிலையைக் கையில் வைத்தபடி, போடாமல், ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். என்ன எண்ணுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தட்டு முடிந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், இந்தப் பொடியன் மூச்சை ஒளித்தல்லவா எடுக்கிறான் என்று சொல்லி வியந்தார். வசனம் முடியும் இடத்தில் மூச்சு வாங்குவதுதான் பழகாதவன் செய்வது. இவரோ கேட்பவன் எதிர்பாராத ஒரு நடு இடத்தில், ஒரு சொல்லுக்கு அழுத்தம் கொடுப்பது போலத் தயங்கி, அங்கே மூச்சை நிரப்பிக்கொண்டு, வாக்கியத்தின் முடிவை முழுப் பலத்தோடு கொண்டுபோய் வைக்கிறார். அண்ணாவியார் சொன்னதன் பிறகு எத்தனையோ தடவை அதைக் கேட்டுவிட்டேன். அந்த இடங்களை இன்னும் என்னால் முழுவதும் எண்ணிப் பிடிக்க முடியவில்லை. தொடக்கத்தில் குரல் களைத்துப்போனவனின் குரலாகத் தாழ்ந்து கிடப்பதும், படிப்படியாக ஏறுவதும், ஏறிய பிறகு எழுத்து ஒன்றுகூடச் சிதையாமல் ழகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்பதும் பள்ளிக்கூடத்தில் கற்றவையல்ல. அவர் பள்ளிக்கூடத்தில் இருந்ததே கொஞ்சக் காலம். பேச்சுப் போட்டிக்கு வரும் பிள்ளைகள் அவருடைய உரத்த குரலை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த மூச்சுக் கணக்கை விட்டுவிடுகிறார்கள் என்பது, நடுவராக இருந்து காது வலித்த என்னுடைய நீண்டநாள் முறைப்பாடு.

கேள்வி: ‘திருவருட்செல்வர்’ படத்தில் அப்பராக வந்தது சிவாஜிதானா என்று எங்கள் வாசிகசாலையில் ஒரு சிறு தர்க்கம். தீர்த்து வைக்கவும். (வாசகர், நல்லூர்)

பதில்: அவரேதான். ஏ.பி. நாகராஜன் இயக்கிய அந்தப் படம் வந்தது 1967இல்; சிவாஜிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அப்பர் மட்டுமல்ல, சேக்கிழாரும் சுந்தரரும் திருக்குறிப்புத் தொண்டரும் அவரே. அப்பர் வேடத்துக்குக் காஞ்சிப் பெரியவர் இருக்கும் விதத்தையும் பார்க்கும் விதத்தையும் மாதிரியாக எடுத்துக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். வாசிகசாலையில் ஐயம் வந்ததற்கு ஒப்பனையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. முதுகு வளைந்த ஒருவர் நிமிர்ந்து பார்க்கும்போது முதலில் கண் உயர்ந்து, பிறகுதான் கழுத்து மெல்ல வரும். அந்த ஒழுங்கை அவர் ஓரிடத்திலும் தவறவிடவில்லை. தேவாரம் ஓதிப் பழகிய நமது கிழவர்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன்.

‘திருவிளையாடல்’ (1965) பற்றியும் அதே கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். தருமியாக வந்த நாகேஷ் தன்னை மிஞ்சிவிட்டார் என்று தெரிந்தும், அந்தக் காட்சியில் கை வைக்க வேண்டாம் என்று சிவாஜியே சொன்னதாகத் திரையுலகத்தார் சொல்வதுண்டு.

கேள்வி: நமது நடிகமணி வைரமுத்துவோடு ஒப்பிட்டால் சிவாஜி எம்மாத்திரம்? (வாசகர், காங்கேசன்துறை)

பதில்: ஊர்ப்பற்றில் கேட்ட கேள்வி என்று தெரிகிறது, வைரமுத்துவின் ஊரான காங்கேசன்துறையிலிருந்து வேறு எப்படிக் கேட்பார்கள்? ஆயினும் ஒப்பிடுவதில் ஒரு பயன் உண்டு. இருவரும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபு கடல் கடந்து வந்து இங்கே இசைநாடகமாக நிலைத்தது. வி.வி. வைரமுத்து தமது வசந்த கான சபா மூலம் அதைக் குடாநாட்டின் ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுபோனார். ‘மயான காண்டம்’ மட்டும் மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியதாகச் சொல்லப்படுகிறது. அவருடைய நடிப்பில் உணர்ச்சியைச் சுமந்தது பாட்டு. ஹார்மோனியம் பிடித்த சுருதியில் அரிச்சந்திரனின் துயரம் ஏறி ஏறிப் போகும். வசனம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு, அவ்வளவே. அதே மரபில் வளர்ந்த சிவாஜியின் தலைமுறையிலோ மேடையில் பாட்டு ஒதுங்கி, வசனம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவருடைய வசனத்தில் ஓர் இசை கேட்கிறதென்றால், இடம் பறிகொடுத்த பாட்டு அங்கே போய் ஒளிந்துகொண்டது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். திரையில் அவருக்காகப் பெரும்பாலும் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். வைரமுத்துவுக்கு வேறொருவர் பாட முடியாது.

1968இல் சிவாஜி நடித்த ‘அரிச்சந்திரா’ படம் வந்தது. நள்ளிரவு தாண்டிய வேளையில், பனியில் சால்வையைப் போர்த்துக்கொண்டு, வைரமுத்து சுடலை காத்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் போதாது. நானும் அவர்களில் ஒருவன். வைரமுத்து 1989இல் மறைந்தார்.

இன்னொரு பழைய தொடர்பும் இருக்கிறது. 1954இல் சிவாஜிக்குப் பெரும் பெயர் வாங்கிக்கொடுத்த ‘மனோகரா’, பம்மல் சம்பந்த முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுகுண விலாச சபைக்காக எழுதிய நாடகம். அந்தச் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டவர் நமது ஈழத்து நாடகக் கலைஞர் கலையரசு சொர்ணலிங்கம். அவர்கள் காலத்திலேயே முதலியாரின் நாடகங்கள் இலங்கையில் மேடையேறின. ஆகவே படம் இங்கே வந்தபோது, அந்த நாடக மரபு நமது முதியவர்களுக்குப் பழக்கமானதாகவே இருந்தது. சொர்ணலிங்கம் எழுதிய ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற நூல் கையில் கிடைத்தால் விடாமல் வாசியுங்கள்.

கேள்வி: சிறந்த நடிகருக்கான இந்திய தேசிய விருது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? அரசியலில் ஏன் தோற்றார்? (வாசகர், மானிப்பாய்)

பதில்: இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய – ஆபிரிக்கப் படவிழா ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக அவரைச் சிறந்த நடிகர் என்றது. 1966இல் பத்மஸ்ரீ, 1984இல் பத்மபூஷண், 1995இல் பிரான்சின் செவாலியே, அடுத்து தாதா சாகேப் பால்கே விருது. தேசிய அளவில் சிறந்த நடிகர் விருது மட்டும் வரவேயில்லை. 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருதை அறிவித்தார்கள், அவர் ஏற்கவில்லை. அந்த வயதில், அந்த நிலையில் உள்ள ஒருவருக்கு அதைக் கொடுத்தவர்கள் தங்களைத்தான் சிறுமைப்படுத்திக்கொண்டார்கள்.

அரசியல்: திராவிட இயக்க மேடையில் வளர்ந்தவர், திருப்பதிக்குப் போய்வந்ததால் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து விலகி, காமராசரிடம் போனார், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார், 1988இல் தனிக் கட்சி தொடங்கி, அடுத்த ஆண்டுத் தேர்தலில் திருவையாற்றில் தோற்றார். மேடையில் யார் எழுதிய வசனத்தையும் தனதாக்கிக்கொள்ளத் தெரிந்தவருக்கு அரசியல் மேடையில் தனது வசனத்தைச் சொல்லத் தெரியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை.

கேள்வி: சிவாஜி இலங்கையில் நடித்த படம் ஏதாவது உண்டா? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: உண்டு. 1978இல் வந்த ‘பைலட் பிரேம்நாத்’ இந்திய – இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கினார், நமது நாட்டு நடிகை மாலினி பொன்சேகா அவரோடு நடித்தார். படமாக அது அவருடைய சிறந்தவற்றுள் சேராது. ஆனால் சிவாஜி நம்முடைய மண்ணில் நின்றார் என்பதற்காகவே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வெலிங்டன், வின்சர், ரீகல், ராணி, மனோகரா என்று யாழ்ப்பாணப் பட்டினத்தில் வரிசையாகத் தியேட்டர்கள் இருந்த காலம் அது. சிவாஜி கட்சி, எம்.ஜி.ஆர். கட்சி என்று சலூன்கள்கூடப் பிரிந்து கிடந்தன. தலைமயிர் வெட்டப் போகும் பொடியன் முதலில் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் ஏறுவான்.

கேள்வி: எங்களுடையது மேளக்காரர் பரம்பரை. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி உண்மையிலேயே நாயனம் வாசித்தாரா என்று பலர் எங்களிடமே கேட்கிறார்கள். அவருடைய படங்களுள் ஒரேயொரு காட்சியைத் தெரியச் சொன்னால் தாங்கள் எதைத் தெரிவீர்கள்? (வாசகர், இணுவில்)

பதில்: இந்தக் கேள்வி இணுவிலிலிருந்து வந்ததில் எனக்குச் சந்தோஷம். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த மண்ணின் காது முன்னால் பொய் வாசிப்பு நிற்காது. வாசித்தவர் சிவாஜி அல்லர். மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனம் அது. 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதைதான் மூலம். ஆனால் கேட்கிறவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்பதை மேளக்காரர் வீட்டில் பிறந்த நீங்கள் எங்களைவிட நன்றாகச் சொல்ல முடியும். ஒலி பிறப்பதற்கு ஒரு கணம் முன்பாகவே கன்னம் நிறைகிறது. மேற்சுரத்துக்குப் போகையில் கழுத்து நரம்பு புடைக்கிறது. விரல் துளையை மூடுவதும் விடுவதும் பிருகாவோடு ஒத்துப்போகின்றன. சாதாரணமாக நடிகர்கள் ஒலி வந்த பிறகு அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். இவர் ஒலிக்கு முன்னால் போய் நிற்கிறார். கச்சேரியில் இருக்கும் வித்துவானின் கர்வமும், பக்கவாத்தியத்தின் மீது ஒரு கண் வைத்திருப்பதும், சபையில் யார் தலையாட்டுகிறார்கள் என்று பார்த்தும் பாராததுமாக இருப்பதும் அவர் ஏற்ற நாயன வித்துவான் பாத்திரமான சிக்கல் சண்முகசுந்தரத்திடம் அப்படியே இருக்கின்றன.

ஒரு காட்சி என்று கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. காயம்பட்டுத் தேறி வந்த சண்முகசுந்தரம் மறுபடி சபையில் அமர்ந்து வாசிக்க, பத்மினி ஏற்ற நாட்டியக்காரி மோகனா ஆடிக்கொண்டே அவன் சுகத்தை விசாரிக்கும் காட்சி. ஊரறிய வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வியை அவள் பாட்டில் வைத்துக் கேட்கிறாள். அவனால் விடை சொல்ல முடியாது, ஏனென்றால் வாயில் சீவாளி இருக்கிறது. வசனத்தால் ஒரு நாட்டையே கட்டிப்போட்ட நடிகருடைய வாயை அங்கே நாயனம் அடைத்துவிடுகிறது. மூச்சுக் கணக்கு முழுவதும் கன்னத்துக்குப் போய்விடுகிறது. விரல்கள் துளைகளில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மிஞ்சியவை கண்கள் இரண்டும்தான். பத்மினியின் முகத்தை விட்டு ஒருமுறை அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். வலி, பிடிவாதம், நன்றி, கொஞ்சம் வெட்கம் எல்லாம் வந்து போகும். கன்னம் ஒருமுறைகூடத் தாளம் தவறாது.